பனி உறையாத மலையில் பந்தல் எதற்கு? தேயிலை நாற்றும் குளிர் இரவும்

இளந்தேயிலைச் செடியைக் குளிர் இரவிலிருந்து காப்பது எப்படி என்ற கேள்விக்கு மலைத்தோட்டங்கள் நூறாண்டுக்கு மேலாக விடை சொல்லி வருகின்றன. பந்தல் போடு என்றார்கள். மரம் வளர்த்து அதன் நிழலில் வை என்றார்கள். விடியுமுன் தண்ணீர் தெளி, புகை மூட்டு, பள்ளத்தை விட்டு மேட்டில் நடு என்றெல்லாம் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மலையில், ஏதோ ஒரு குளிரைக் கண்டு பிறந்த விடை. நீலகிரியில் பிறந்தது ஒன்று, நுவரெலியாவில் பிறந்தது மற்றொன்று, ஜப்பானின் ஷிசுவோக்காவில் பிறந்தது வேறொன்று. தோட்டத் தொழில் கடல் கடந்தபோது இந்த விடைகளும் சேர்ந்தே பயணம் செய்தன. ஆனால் விடையை எடுத்துச் சென்றவர்கள், அதைப் பிறப்பித்த குளிரையும் கூடவே கொண்டுபோக முடியாது.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலை இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும் இடம். அங்கே உறைபனி விழுவதில்லை. இருந்தும் நாற்றுமேடைக்கு மேல் ஏதோ ஒரு மூடல் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. அது எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதாக நாம் நம்புகிறோம் என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கேமரன் மலையின் குளிர்

வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளந்தது 1885இல். நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925இல் ஆங்கிலேய அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலேறிப் பார்த்தபோது, நுவரெலியாவையும் பிலிப்பைன்சின் பாகியோவையும் மனத்தில் வைத்தே இதை மதிப்பிட்டார். ஆக, தொடக்கத்திலிருந்தே இந்த மலை வேறு மலைகளின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கப்பட்டது. 1920களில் தானா ராத்தாவில் அமைந்த வேளாண் சோதனை நிலையத்தில் தேயிலை நட்டுப் பார்க்கப்பட்டது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காடு வெட்டவும் நாற்று வைக்கவும் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்களே உழைத்தன. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலையும் அந்த ஆண்டுகளில்தான் திறந்தது.

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். நிலநடுக்கோட்டிலிருந்து நாலரை பாகை வடக்கே இருப்பதால் இங்கே வசந்தம், குளிர்காலம் என்ற பிரிவே இல்லை. பகலில் 22, 23 டிகிரி செல்சியஸ், இரவில் 14, 15 டிகிரி என்று ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நடைதான். மழை ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. மலேசிய வானிலைத் துறையின் பதிவேட்டில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அது பதிவானது 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, இதே கேமரன் மலையில்.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் வெளுத்து, காற்று உலர்ந்திருக்கும் காலம் அது. இம்மலையில் ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் மேகம் கவிந்தே இருக்கும். மேகம் தரையின் சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும். சனவரி பிப்ரவரியில் மேகம் விலகும் சில இரவுகளில்தான் மண்ணும் இலையும் சட்டென்று குளிர்கின்றன. எனவே கேமரன் மலையின் குளிரைப் பருவத்தின் குளிர் என்பதைவிடத் தெளிந்த வானத்தின் குளிர் என்பதே பொருந்தும். நாற்றுக் காப்பு பற்றி இம்மலையில் எழும் எந்த வாதத்துக்கும் இதுவே அடித்தளம் என்று நினைக்கிறேன்.

7.8 டிகிரியில் தேயிலை சாகாது. ஆனால் வளராது. தேயிலைக் கொழுந்து வளர்வதற்கு வேண்டிய அடிப்படை வெப்பநிலை சுமார் 12, 13 டிகிரி என்று மலாவியிலும் தான்சானியாவிலும் நடந்த ஆய்வுகள் மதிப்பிட்டன. இந்த எண் குளோனுக்குக் குளோன், அதாவது ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கிய வகைக்கு வகை, மாறுகிறது; சிலவற்றில் பத்துக்கும் கீழே இறங்குகிறது. இரவு 14 டிகிரியில் நிற்கும் மலையில் நாற்று அந்த எல்லைக்கு மிக அருகிலேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறது. நீலகிரியில் ஒரே இரவில் நாற்று கருகிப்போகலாம். கேமரன் மலையில் நாற்று சாவதில்லை, சுணங்குகிறது. ஒன்று உயிரிழப்பு, மற்றொன்று கால இழப்பு. இரண்டுக்கும் ஒரே மருந்து சரிப்படுமா என்பதே கேள்வி.

வானத்துக்குப் போகும் சூடு

தெளிந்த இரவில் தரை எப்படிக் குளிர்கிறது என்பதை ஐரோப்பிய அறிவியல் விளக்கத் தொடங்கியதற்கு முன்பே இந்தியாவின் கங்கைச் சமவெளியில் அதை வைத்துத் தொழில் நடந்தது. அலகாபாத் பக்கம் ஆழமற்ற மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றி, குழிகளில் உலர்ந்த தட்டைகளின் மேல் இரவில் வைத்துப் பனிக்கட்டி எடுத்தார்கள். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே இருந்த இரவுகளிலும் சட்டி உறைந்தது. ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் இதை லண்டன் அறிஞர் கழகத்துக்கு எழுதி அனுப்பினார்.

1814இல் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் பனித்துளி பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். நான்கு குச்சிகளை நட்டு, அவற்றின் மேல் மெல்லிய கைக்குட்டை ஒன்றைப் புல்லிலிருந்து அரையடி உயரத்தில் விரித்துக் கட்டினார். தெளிந்த இரவுகளில் அந்தத் துணிக்குக் கீழிருந்த புல், பக்கத்தில் திறந்து கிடந்த புல்லைவிடச் சில டிகிரி சூடாக இருந்தது. அவ்வளவு மெல்லிய துணி குளிர்க்காற்றைத் தடுத்திருக்க முடியாது. அது தடுத்தது புல்லிலிருந்து வானத்துக்குக் கதிராக வெளியேறிய சூட்டை. தோட்டக்காரர்கள் மென்மையான செடிகளைப் பாயால் மூடுவதைத் தாம் முன்பு ஏளனமாக நினைத்ததாகவும், சோதனைக்குப் பிறகே அவர்கள் செய்தது சரி என்று புரிந்ததாகவும் வெல்ஸ் எழுதினார். உழைப்பவர் கை அறிந்ததை ஏட்டறிவு பின்னால் வந்து உறுதி செய்த நிகழ்வு இது.

வெல்சின் மற்றொரு கண்டுபிடிப்பு நாற்றுமேடைக்கு இன்னும் நேராகப் பொருந்தும். மூடல் செடியைத் தொட்டுக்கொண்டு கிடப்பதைவிட, சற்று இடைவெளி விட்டு மேலே நிற்பதே மேல். தொட்டுக்கொண்டிருக்கும் துணி வானத்தை நோக்கித் தானும் குளிர்ந்து, அந்தக் குளிரை இலைக்கே கடத்துகிறது. செடி மேல் நேரடியாகப் போர்த்துவதும் பந்தல் போடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இருநூறு ஆண்டுச் சான்று இது.

பெரணி, நிழல்வலை, பாலித்தீன்

நாற்றைக் காப்பது எப்படி என்பதில் பல கட்சிகள் உண்டு. முதல் கட்சி மூடல் கட்சி. இதன் இரண்டு வடிவங்கள் தமிழர் உழைத்த மலைகளிலேயே இருக்கின்றன. இலங்கையின் மலையகத்தில் நாற்றுமேடை ஓரங்களில் பெரணித் தழையைக் குத்தி நிறுத்தி நிழல் செய்தார்கள். அதே வகைப் பெரணியை மலேசியாவில் ரெசாம் என்பார்கள். கேமரன் மலைச் சாலையோரச் சரிவுகளில் அடர்ந்து கிடக்கும். நீலகிரியில் உதகை தாவரவியல் பூங்கா ஒவ்வோர் ஆண்டும் உறைபனிக்காலம் தொடங்குமுன் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளால் மறைக்கிறது. நீர்ப்பனி போய் உறைபனி வரும் நவம்பர், டிசம்பரில் இந்த வேலை நடக்கும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நோக்கம் வேறு. உதகையில் மிலார் உறைபனிக்கு எதிரான மூடல். பகலில் வெயில் தட்டுவது அதற்கு இரண்டாம் பட்சம். இலங்கையின் பெரணி முதன்மையாக வெயிலுக்கு எதிரானது. வெட்டி நட்ட துண்டுக்கு வேர் பிடிக்குமுன் வெயில் பட்டால் இலை வாடிவிடும். பெரணிக்கு ஓர் அருமையான குணம் உண்டு: வாரங்கள் போகப்போக அது காய்ந்து, இலை உதிர்ந்து, நிழலைத் தானே குறைத்துக்கொள்ளும். நாற்றை வெயிலுக்குப் பழக்கும் வேலையைத் தழையே செய்துவிடுகிறது. நிழல்வலைக்கு இந்தக் குணம் இல்லை. அதை ஆள் வந்துதான் விலக்க வேண்டும். விலக்குவது தள்ளிப்போனால் நாற்று நெடுநெடுவென்று மெலிந்து வளரும்.

பழைய நாற்றுமேடையில் விதை முளைத்தது. 1950களிலிருந்து ஒரு கணு, ஓர் இலை, அதன் கீழே விரல் நீளத் தண்டு என்று வெட்டியெடுத்த துண்டுகளை வைப்பது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பரவியது. தலவாக்கலையில் உள்ள இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையமும், தென்னிந்தியாவில் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் ஆராய்ச்சி நிலையமும் குளோன்களை வெளியிட்டன. இந்த மாற்றம் குளிர்க் கேள்வியையும் மாற்றியது. விதைநாற்றுக்கு நேராகக் கீழிறங்கும் ஆணிவேர் உண்டு. துண்டிலிருந்து வந்த நாற்றின் வேர் முதல் மாதங்களில் பையின் மேல்மண்ணிலேயே நிற்கிறது. மேல்மண்தான் இரவில் முதலில் குளிர்வது.

துண்டு நாற்றோடு சேர்ந்து வந்தது பாலித்தீன். பைக்கும் பாலித்தீன், பைகளை அடுக்கிய மேடையை வளைவாக மூடுவதற்கும் பாலித்தீன். இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாலித்தீன் கூடாரத்துக்குள் பகலில் புழுக்கமாக இருப்பதால், இரவிலும் சூடாகவே இருக்கும் என்று நினைக்கிறோம். மெல்லிய பாலித்தீன் தாள் காற்றைத் தடுக்கும். இலையிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரின் பெரும்பகுதியைத் தடுக்காது. கண்ணாடி அப்படியல்ல, கதிரை மறித்துவிடும். அதனால் காற்றசைவில்லாத தெளிந்த இரவில், உலர்ந்த பாலித்தீன் கூடாரத்தின் உட்புறம் வெளியைவிடக் குளிர்ந்துபோவதுகூட உண்டு. வெளியே லேசாக அசையும் காற்றாவது இலைக்குக் கொஞ்சம் சூட்டைக் கொண்டுவரும், உள்ளே அதுவும் இல்லை.

அந்தத் தாளைக் காக்கும் பொருளாக மாற்றுவது தண்ணீர். விடியற்காலையில் நாற்றுக் கூடாரத்தின் தாளை உட்புறமிருந்து பார்த்தால் நுண்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகப் படிந்திருக்கும். அந்த நீர்ப்படலம் வெப்பக் கதிரை மறிக்கும் ஆற்றலுடையது. ஈரமான கூடாரம் இரவில் ஓரளவு காக்கும், காய்ந்த கூடாரம் காக்காது. நாற்றைப் பழக்குவதற்காகக் கூடாரத்தின் ஓரங்களைத் தூக்கிவிட்டு உள்ளே உலரவிடும் கட்டம்தான், இந்தக் கணக்கில், குளிருக்கு மிகவும் ஆட்படும் கட்டம். அந்தக் கட்டம் சனவரி பிப்ரவரியில் வந்து விழாதபடி துண்டு வைக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்தத் துணியையும் வலையையும்விட மலிவான காப்பு.

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் சரிவு சரிவாக நிற்கும் பிளாஸ்டிக் கூரைகளையும் இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். அவை குளிருக்காகப் போட்டவை என்று சுற்றுலா வருபவர்கள் எண்ணுவதுண்டு. அவை மழைக்காகப் போட்டவை. பக்கங்கள் திறந்த கூரை இரவுக் காற்றை வெப்பப்படுத்தாது.

மூடல் கட்சியின் பலவீனம் ஒளிதான். மேகம் கவிந்த இம்மலையில் பகல் ஒளி ஏற்கெனவே அளவோடுதான் கிடைக்கிறது. ஆண்டில் சில இரவுகளுக்காக நிரந்தரமாகப் போட்ட தடித்த மூடல், மற்ற எல்லாப் பகல்களிலும் நாற்றின் உணவைக் குறைக்கிறது. மாலையில் போட்டுக் காலையில் எடுக்கும் மூடல் இதற்கு விடை. அதற்கு ஆள் வேண்டும்.

மரநிழலின் வழக்கு

நாற்றுமேடையை விட்டு வயலுக்கு வந்த இளஞ்செடிக்குப் பந்தல் போட முடியாது. அங்கே பேசுவது மரக் கட்சி. நீலகிரி, மூணாறு தோட்டங்களில் சில்வர் ஓக் வரிசையாக நிற்கும். உறைபனி விழுந்த காலையில் அங்கே நடந்து பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றே: மரத்தடியில் செடி பச்சையாக நிற்கும், இடைவெளியில் கருகிக் கிடக்கும். வெல்சின் கைக்குட்டை செய்த வேலையைத்தான் மரக்கிளை பெரிய அளவில் செய்கிறது. 2019 சனவரியில் மூணாறில் பல நாள் தொடர்ந்து பூச்சியத்துக்குக் கீழே போனபோது திறந்த சரிவுகளில் தேயிலை பழுப்பேறியதைச் செய்திகள் படத்தோடு காட்டின.

ஆனால் நிழல்மரம் பற்றிய விவாதம் குளிரைச் சுற்றி எழுந்ததல்ல. அசாமின் கடும் வெயிலில் மரநிழல் மகசூலைக் கூட்டியது. அங்கே டோக்லாய் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் நிழலை ஆதரித்தது. கென்யாவின் கெரிச்சோ உயர்நிலத்தில் உரம் போதுமான அளவு கிடைத்த செடிகளில் நிழல் மகசூலைக் குறைப்பதாக 1960களில் கண்டார்கள். அங்கே மரங்கள் நீங்கின. அதே உயர்நிலத்தில் 2012 சனவரியில் உறைபனி விழுந்து தேயிலைக்குப் பெருஞ்சேதம் வந்தது. மரம் இருந்திருந்தால் சேதம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட முடியாது. ஆயினும் ஆண்டு மகசூலை மட்டும் வைத்து எடுத்த முடிவு, அரிதாக வரும் ஓர் இரவைக் கணக்கில் எடுத்திருக்காது என்பது தெரிகிறது.

சுங்கை பாலாஸ் போன்ற கேமரன் மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் மரமற்ற பச்சை விரிப்பாகவே காணப்படுகின்றன. உறைபனி இல்லாத இடத்தில், மேகம் மிகுந்த இடத்தில், அது ஏற்கத்தக்க முடிவு. செத்த பழஞ்செடியின் இடத்தில் புதுச்செடி வைக்கும்போது, சுற்றியுள்ள பழஞ்செடிகளே காற்றையும் வானத்தையும் மறைத்து நிற்கின்றன. அந்தப் புதுச்செடிக்குப் பஞ்சம் சூடல்ல, வெளிச்சம்.

தண்ணீர், புகை, காற்றாடி

ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. உறைபனி இரவில் செடிமேல் தொடர்ந்து தண்ணீர் தெளித்தால், உறையும் நீர் விடும் வெப்பம் இலையைப் பூச்சியத்திலேயே நிறுத்தி வைக்கும். வெயில் வந்து உருக்கும்வரை தெளிப்பை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் ஆவியாதல் மிஞ்சிய சூட்டையும் பறித்துவிடும். நீலகிரியில் பலர் செய்வது வேறொன்று: விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தண்ணீர் தெளித்து உறைபனியைக் கழுவிவிடுவது. இலை திடீரென்று சூடேறிக் கருகுவதை இது தவிர்க்கும் என்பது அவர்கள் கருத்து.

இந்த முறையைக் கேமரன் மலைக்குக் கொண்டுவந்தால் பலன் தலைகீழாகிவிடும். எட்டுப் பத்து டிகிரியில் தண்ணீர் உறையாது. உறையாத நீர் வெப்பம் தராது. உலர்ந்த காற்றில் ஆவியாகி இலையை இன்னும் குளிர்விக்கும். இரவில் நாற்றுக்கு நீர் தெளிப்பது அங்கே குளிர்க் காப்பாக அமையாது.

புகை மூட்டுவது மிகப் பழைய முறை. ரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை நூலில் திராட்சைத் தோட்டங்களுக்கு இதைப் பரிந்துரைத்தார். புகைத் துகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும் அளவுக்கு நீண்ட அலை வெப்பக் கதிரை மறைப்பதில்லை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. பயன் ஏதும் இருந்தால் அது தீயின் சூட்டினால் வந்தது. காலையில் தங்கும் புகை வெயிலைத் தாமதப்படுத்திக் குளிரை நீட்டிக்கவும் கூடும்.

ஜப்பானியர் தேர்ந்தது காற்றாடி. அவர்களுடைய சிக்கல் உண்மையான வசந்த காலச் சிக்கல். குளிர்காலத்தில் உறங்கிய தேயிலை மார்ச், ஏப்ரலில் விழித்துக் கொழுந்துவிடும். அப்போது வரும் பின்தங்கிய உறைபனி ஆண்டின் முதல் பறிப்பையே கொண்டுபோய்விடும். வசந்தத் தொடக்கத்திலிருந்து 88ஆவது இரவு, மே 2ஆம் தேதி வாக்கில், கடைசி உறைபனி விடைபெறும் என்பது அங்குள்ள மரபு. 1970களிலிருந்து ஷிசுவோக்காத் தோட்டங்களில் உயரக் கம்பங்களில் மின்காற்றாடிகள் நிற்கின்றன. தெளிந்த இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்குச் சில மீட்டர் மேலே சூடான காற்றும் இருக்கும். மேலுள்ள சூட்டைக் கீழே தள்ளுவதுதான் காற்றாடியின் பணி. கேமரன் மலையின் சரிவுகளில் அந்தச் சூடான அடுக்கு நிலைத்து நிற்பதில்லை. குளிர்காற்று வழுக்கிக் கீழே போய்விடுகிறது. முதலீடும் மிகப் பெரிது. இந்தக் கட்சியை இம்மலையைப் பொறுத்தவரை ஒதுக்கிவிடலாம்.

பள்ளமும் மேடும்

இடத்தேர்வுக் கட்சியே எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்கப்பட வேண்டியது என்பது என் முடிவு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்கும். நீலகிரியில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான வெளிகளில் உறைபனி முதலில் வெண்மையாகப் படிகிறது. அவற்றைவிட உயர்ந்த சரிவுகள் தப்புகின்றன. உயரம் கூடக்கூடக் குளிர் கூடும் என்ற பொது விதி தெளிந்த இரவில் ஒரு பள்ளத்தாக்குக்குள் தலைகீழாகிவிடுகிறது.

கேமரன் மலையின் புவியமைப்பைப் பார்த்தால் இது நேராகப் பொருந்துகிறது. குனோங் பிரிஞ்சாங் 2,031 மீட்டர். சாதாரணக் கணக்கில் தானா ராத்தாவைவிட மூன்று நான்கு டிகிரி குளிராக இருக்க வேண்டும். மேகமூட்டமான இரவுகளில் அப்படித்தான். ஆனால் சனவரியின் தெளிந்த இரவில் பெர்த்தாம் போன்ற ஆற்றோரத் தாழ்நிலமும், அதற்கு மேலே நூறு மீட்டரில் உள்ள சரிவும் எதிர்பார்ப்புக்கு மாறாக இருக்கக்கூடும்.

நாற்றுமேடை எங்கே போடப்படுகிறது? தண்ணீர் கிடைக்கும் இடத்தில், லாரி வந்து நிற்கும் சமதளத்தில், ஓடைக்குப் பக்கத்தில். வேலைக்கு வசதியான இடமும் குளிர்காற்று தேங்கும் இடமும் பல வேளைகளில் ஒன்றாகவே அமைகின்றன. ஓடைக்குச் சற்று மேலே, நடுச்சரிவில், கீழ்ப்பக்கம் அடர்ந்த புதர் வேலியில்லாமல் காற்று வடிந்துபோக வழிவிட்டு மேடையை அமைப்பது, மூடலின் தேவையையே பாதியாகக் குறைக்கலாம். மேற்பக்கத்தில் ஒரு புதர் வரிசை இருந்தால் இறங்கிவரும் குளிர்காற்றை அது பக்கவாட்டில் திருப்பும். இதற்குப் புதிய கருவி ஏதும் வேண்டாம். தண்ணீரை மேலேற்றும் ஒரு குழாய் மட்டும் போதும்.

மண் சேமித்த சூடு

உறைபனிப் பகுதிகளில் இன்னோர் அறிவுரை உண்டு: தெளிந்த இரவுக்கு முன் மண்ணை ஈரமாகவும், இறுகலாகவும், வெறுமையாகவும் வை. ஈரமண் பகல் சூட்டை வாங்கிக்கொண்டு இரவில் விடும். உலர்ந்த, கிளறிய மண்ணும், மண்ணைப் போர்த்திய புல்லும் அந்தச் சூட்டை அடைத்துவிடும். இலைக்குக் கீழிருந்து வரவேண்டியது வராமல் போகும்.

இதுவே புதுநடவில் பெரிய முரணாகிறது. தேயிலைத் தோட்டங்கள் காலங்காலமாக இளஞ்செடிகளுக்கு இடையே மானாப் புல்லையும் குவாட்டமாலா புல்லையும் வெட்டிப் பரப்புகின்றன. 2,700 மில்லிமீட்டர் மழை கொட்டும் செங்குத்துச் சரிவில் மண்ணை வெறுமையாக விட்டால், ஒரே மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். கேமரன் மலையின் ஆறுகளும் அணைக்கட்டும் வண்டலால் தூர்ந்துவரும் நிலையில், சில குளிர் இரவுகளுக்காக மண்ணைத் திறந்து போடு என்று சொல்ல யாருக்கும் மனம் வரக்கூடாது. சரிவில் புல் பரப்பு இருக்கத்தான் வேண்டும். செடியின் தூரைச் சுற்றி ஒரு சாண் அளவு மட்டும் விட்டுப் பரப்புவது இடைவழி. அது தண்டழுகலையும் குறைக்கும்.

நாற்றுமேடையில் இந்த முரண் இல்லை. பைகளை நெருக்கி அடுக்கி, வெளி வரிசைக்கு மண் அணைத்து, பகலில் பைமண் ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அத்தனை பையும் சேர்ந்து ஒரே மண்திட்டாக நடந்துகொள்ளும். ஓர வரிசை நாற்றுகள் எப்போதும் பின்தங்குவதற்கு வெயிலையும் காற்றையும் காரணம் சொல்வார்கள். இரவில் பக்கவாட்டாகச் சூட்டை இழப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஈரத்தின் குறுக்கீடு

குளிரோடு ஈரம் சேரும்போது கொப்புள நோய் வருகிறது. 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தலைகாட்டிய இந்தப் பூஞ்சை நோய் அடுத்த சில ஆண்டுகளில் மலாயாவுக்கும் சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் பரவியது. அது இளம் இலையையே பிடிக்கும். முதலில் எண்ணெய்ப் புள்ளி போல ஒரு மஞ்சள் பொட்டு; பின்னர் இலையின் மேற்புறம் குழிந்து, கீழ்ப்புறம் வெண்மையான கொப்புளம் புடைக்கும். மணிக்கணக்கில் இலை நனைந்தே இருந்தால்தான் வித்து முளைக்கும். நேர்வெயில் பட்டால் வித்து செத்துவிடும்.

நாற்று முழுவதுமே இளம் இலை என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். குளிருக்காகப் போட்ட மூடல் காலையில் தாமதமாக எடுக்கப்பட்டால், இலையின் ஈரம் காய்வதும் தாமதமாகிறது, வெயில் படுவதும் தாமதமாகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் கேமரன் மலையில் நாற்றுக்கு நேரும் ஆபத்து, தெளிந்த இரவின் வறண்ட குளிரைவிட, மேகம் கவிந்த நாட்களின் ஈரக்குளிரிலிருந்தே அதிகம் வருகிறது என்று கருத இடமுண்டு. உறைபனி மலைகளின் அறிவுரை இந்த இரண்டையும் பிரித்துப் பேசியதில்லை, ஏனெனில் உறைபனி விழும் இரவு வறண்ட இரவு.

தீராமல் இருப்பவை

மேலே கண்ட கட்சிகளில் சிலவற்றைக் கேமரன் மலையைப் பொறுத்தவரை உறுதியாகவே தள்ளலாம்: இரவுத் தெளிப்பு, புகை, காற்றாடி. சிலவற்றை உறுதியாகவே ஏற்கலாம்: இடத்தேர்வு, துண்டு வைக்கும் மாதத்தைத் திட்டமிடுவது, பைகளை நெருக்கி அடுக்குவது. மூடல் நடுவில் நிற்கிறது. வெயிலுக்கும் கனமழைக்கும் எதிராக அதன் பயன் ஐயமற்றது. குளிருக்கு எதிராக அதன் பயன் ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டுமே. அதுவும் இலையைத் தொடாமல், மாலையில் போட்டுக் காலையில் எடுக்கும்போதுதான்.

குளோன்களின் கேள்வி இன்னும் முடிவுக்கு வரவில்லை. சீன வகைத் தேயிலை குளிரைத் தாங்கும், அசாம் வகை தாங்காது என்ற பொதுப் பிரிவு பழையது. இன்றைய தோட்டத்துச் செடிகள் பெரும்பாலும் இரண்டின் கலப்பு. வடக்கே, 16 பாகைக்கு மேல், குளிர்காலக் குறும்பகல் செடியை உறங்க வைத்துக் குளிருக்குத் தயார் செய்கிறது. நாலரை பாகையில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. அங்கே எந்தச் செடியும் குளிருக்குப் பழகி இறுகுவதில்லை. ஓர் இரவு 9 டிகிரிக்கு இறங்கினால், நேற்றுவரை 15 டிகிரியில் இருந்த மென்மையோடுதான் நாற்று அதைச் சந்திக்கிறது. வட இந்தியாவிலோ ஜப்பானிலோ அளந்த குளிர்தாங்கும் எண்களை இங்கே அப்படியே பெயர்த்து வைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

அளவிடும் கருவியின் கேள்வியும் இருக்கிறது. வானிலை நிலையம் அளப்பது தரையிலிருந்து ஆளுயரத்தில், கூண்டுக்குள் உள்ள காற்றின் வெப்பநிலை. நாற்று நிற்பது தரையை ஒட்டி, திறந்த வானத்தின் கீழ். தெளிந்த இரவில் இரண்டுக்கும் இடையே மூன்று நான்கு டிகிரி வேறுபாடு வரலாம். பதிவேட்டில் 11 என்று இருக்கும் இரவில் இலை 7 டிகிரியை அனுபவித்திருக்கலாம். நாற்றுமேடையில் இலை உயரத்திலேயே, மூடலுக்கு உள்ளும் வெளியும், மேட்டிலும் பள்ளத்திலும் வெப்பமானிகளை வைத்து இரண்டு மூன்று சனவரிகள் குறித்தாலே இந்தக் கட்டுரையின் ‘கூடும்’, ‘இருக்கலாம்’ பலவற்றை நீக்கிவிட முடியும். செலவும் பெரிதில்லை.

ஆள் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. மாலை வானத்தைப் பார்த்து இன்றிரவு மூட வேண்டுமா என்று முடிவெடுப்பது, காலையில் எப்போது எடுப்பது, பெரணி எந்த வாரத்தில் எவ்வளவு உதிரும் என்று அறிவது ஆகிய அனைத்தும் நாற்றுமேடையில் ஆண்டுக்கணக்கில் நின்ற பெண்களின் கையில் இருந்த அறிவு. தோட்ட ஏடுகளில் செத்த நாற்றின் எண்ணிக்கை ஏறியது, அந்த அறிவு ஏறவில்லை. தமிழ்க் குடும்பங்கள் பல மலையை விட்டு இறங்கிவிட்டன. இன்று வேலைசெய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து சில ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவர்கள். மாலையில் மூடிக் காலையில் எடுக்கும் காப்பே சிறந்தது என்று ஆய்வு சொன்னாலும், அதை நிதானித்துச் செய்யும் கை நாற்றுமேடையில் நீடித்து நிற்க வழி செய்யாதவரை, தோட்டங்கள் நிரந்தர வலையையே தேர்ந்தெடுக்கும்.

மலையின் குளிரே குறைந்து வருகிறதா என்ற கேள்வியும் இதோடு சேர்கிறது. முன்புபோல் குளிர் இல்லை என்பது கேமரன் மலையில் பழையவர்கள் எல்லாரும் சொல்வது. காடு அழிந்ததும் கட்டடங்கள் பெருகியதும் உலக வெப்பநிலை ஏறியதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. சராசரி ஏறுவதால் குளிர் இரவுகள் ஒழிந்துவிடும் என்று கொள்ள முடியாது. சனவரி பிப்ரவரியின் தெளிந்த, உலர்ந்த இரவுகளின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பதே நாற்றைப் பொறுத்த கணக்கு. அது சராசரியோடு ஒரே திசையில் நகர வேண்டிய கட்டாயம் இல்லை.